லாரி மைதானத்துக்கு வந்த பந்தல்

தையல்காரர் ஜெகதீஷ் தன் வீட்டுத் தரையில் கண் செருகிக் கிடந்தார். நகரத்தின் கணக்குப்படி அதே நேரத்தில் அவர் லாரி மைதானத்தில் இசை நாற்காலி விளையாடிக்கொண்டிருந்தார். விளையாடியது மட்டுமல்ல, ஜெயித்துக்கொண்டும் இருந்தார்.

"நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா இல்லையா?" போனில் கத்தினாள் நிறைமதி. "ஆளு என் கண்ணு முன்னால கெடக்கறாரு. உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. ஒரு பொட்டு வேர்வை இல்ல. வண்டிய அனுப்புங்க!"

"திரு. ஜெகதீஷ், வயது அறுபத்து மூன்று," என்றது நகரத்தின் சிஸ்டம், தேன் தடவிய குரலில். "நாடித் துடிப்பு சீராக உள்ளது. தற்போது முப்பத்தெட்டாவது வார்டு கோடைக் கொண்டாட்டத்தில் உற்சாகமாகப் பங்கேற்று வருகிறார். அவருக்கு எங்கள் வாழ்த்துகள்."

"வாழ்த்தா?"

"நானும் கேட்டுட்டேம்மா," என்றாள் ஜெகதீஷின் மனைவி மோனிஷா, ஈரத்துண்டால் அவர் நெஞ்சைத் துடைத்தபடி. "ரெண்டு தரம் வாழ்த்து சொல்லிடுச்சு. அதனாலதான் உன் ஆபீசுக்கு ஓடியாந்தேன்."

நிறைமதி அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். வெயில் படாத ஒரு வெள்ளை வளையம் மட்டும் இருந்தது.

"காப்பு எங்க?"

மோனிஷா துண்டை மறுபடி நனைத்தாள்.

காப்பு என்பது நகரவாசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும், நாடி பார்க்கும் பட்டை. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். அதை யாரும் சொல்வதில்லை. வெயிலுக்கு ஒதுங்கும் குளிர்க்கூடத்தின் கதவு காப்பைப் பார்த்துத்தான் திறக்கும். தெருக்குழாய் காப்பைப் பார்த்துத்தான் சொட்டும். காப்பு இல்லாதவர் செத்தாலும் நகரத்துக்குத் தெரியாது. ஏனென்றால் அவர் உயிரோடு இருந்ததே அதற்குத் தெரியாது.

கத்திரி வெயிலில் பகலெல்லாம் வண்டிகளுக்கு ஊரடங்கு. ஆட்டோ கிடையாது, கார் கிடையாது. யோசிக்க நேரமும் கிடையாது. நிறைமதி தன் காப்பைக் கழற்றி ஜெகதீஷின் கையில் மாட்டினாள்.

அது ஒரு கணம் பச்சையாக இருந்தது. பிறகு சிவந்து அலறியது.

"செல்வி நிறைமதி, வயது இருபத்து நான்கு," என்றது சிஸ்டம், அதே தேன் குரலில். "உங்கள் உயிருக்கு ஆபத்து. பதற்றப்பட வேண்டாம். வண்டி புறப்பட்டுவிட்டது."

வந்த வண்டியில் ஜெகதீஷ், நிறைமதி என்ற பெயரில் மருத்துவமனைக்குப் போனார். பிழைத்தும் கொண்டார்.

நிறைமதி வெறுங்கையோடு லாரி மைதானத்தை நோக்கி நடந்தாள். அன்று அந்த வெயிலைவிட அவள்தான் அதிகமாகக் கொதித்திருப்பாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவள்தான் முப்பத்தெட்டாவது வார்டின் கோடைச் சேவை அலுவலர். அந்தப் பதவிக்கு ஒரு வருட ஒப்பந்தம். அவள் வீட்டில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள். அலுமினியப் பட்டறையில் மூட்டை தூக்கும் அவள் அப்பா தெரு முழுக்க, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எம் பொண்ணு ஆபீசரு" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஆபீசரின் முக்கிய வேலை பந்தலைக் கூப்பிடுவது.

பந்தல் ஆகாயத்தில் வரும். பஸ் ஸ்டாண்டு அகலத்துக்கு மெல்லிய விரிப்பு. ஓரமெல்லாம் குட்டி விசிறிகள். தலைக்கு மேலே வந்து விரிந்து நின்று பூமழைபோலத் தண்ணீர் தூவும். வெளியே தார் உருகும்போது, அதன் அடியில் மனிதர்கள் மூச்சு விடலாம். வார்டுக்கு ஒன்றுதான். பதிவு செய்த கோடைக் கொண்டாட்டம் ஏதாவது நண்பகலில் திறந்த வெளியில் நடக்க வேண்டும், அதில் நாற்பது காப்புகளாவது சேர வேண்டும். அப்போதுதான் வரும். தனித்தனி வீட்டுக்குள் வெந்து சாகிற கிழங்களை வெளியே இழுத்து ஒன்றாக உட்கார வைக்க, எப்போதோ ஒரு நல்ல மனசுக்காரர் எழுதிய விதி.

இந்தக் கோடையில் முப்பத்தெட்டாவது வார்டுக்குத்தான் வருகையில் முதலிடம். ஒருநாள்கூடக் கூட்டம் குறையவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நிறைமதி அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். நிகழ்ச்சிகள் ஏன் எப்போதும் வார்டின் ஓரத்தில், லாரி மைதானத்தில் மட்டும் நடக்கின்றன என்று அவள் ஒருமுறை கேட்டபோது, பிளாக்கின் குடியிருப்போர் சங்கத் தலைவி தர்ஷினி அக்கா, "அங்கதாம்மா காத்து வருது," என்று சொல்லியிருந்தாள். காத்தாம். இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். தன் அலுவலக ஜன்னலிலிருந்து தினமும் பந்தலைப் பார்த்தாள். அடியில் யார் என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வெயிலில் யார் போவார்கள்?

மைதானத்தில் எண்ணெய் டின்னைத் தட்டும் சத்தம். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதைச் சுற்றி ஓடியவர்களில் வார்டு முகம் ஒன்றுகூட இல்லை.

எல்லாரும் பெட்டிக்காரர்கள். கடல் ஏறி விழுங்கிய ஊர்களிலிருந்து லாரியில் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் இரும்புப் பெட்டிகளுக்குள் குடிவைக்கப்பட்டவர்கள். "தற்காலிகம்" என்றார்கள். அங்கே தற்காலிகமாகப் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் நிற்கின்றன, சேர்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. நகரத்தின் குப்பையைப் பிரிப்பது இவர்கள் கை. அந்தக் கைக்கு ஒரு காப்பு கிடையாது. நண்பகலில் அந்தப் பெட்டிக்குள் வைத்த முட்டை தானாக வெந்துவிடும் என்று வார்டில் சிரித்துப் பேசுவார்கள்.

டின் சத்தம் நின்றது. ஒல்லியான ஒரு பெண் கடைசி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கையைத் தூக்கினாள். அந்தக் கையில் ஜெகதீஷின் காப்பு.

"நீதான் ஜெகதீஷா?" என்றாள் நிறைமதி.

சிரிப்பு செத்தது. அந்தப் பெண் எழுந்தாள். "எம் பேரு பிரகாசி, அக்கா. நாங்களா கேக்கல. அவியளாத்தான் குடுத்தாவ."

"அந்தாளு வீட்ல மயங்கி விழுந்து கெடந்தாரு. வண்டி வரல. ஏன்னா நீ இங்க நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்த. இன்னும் கொஞ்சம் போயிருந்தா செத்தே போயிருப்பாரு!"

பிரகாசியின் முகம் வெளுத்தது. "மாதாவே," என்றாள். தேள் கொட்டியவள்போலக் காப்பைப் பிடுங்கி நிறைமதியிடம் நீட்டினாள்.

தலைக்கு மேலே விசிறிகளின் சத்தம் மாறியது.

நாற்பதில் ஒன்று குறைந்தது. பந்தலின் கிழக்கு ஓரம் சுருளத் தொடங்கியது. சுருண்ட இடத்தில் வெயில் வெள்ளையாக இறங்கி, சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்த கைக்குழந்தைகளின் கால்மேல் ஏறியது. முதலில் ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு வரிசையாக எல்லாம். அவற்றுக்கு அப்பால் கட்டிலில் கிடந்த கிழவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள், இது பழகிப்போன மாதிரி.

"போடு," என்றாள் நிறைமதி.

"அக்கா?"

"காப்ப மொதல்ல கையில போடுடி!"

அவளே பிடித்து மாட்டிவிட்டாள். பந்தல் நின்று யோசித்து மறுபடி விரிந்தது. நிறைமதி அந்த ஈர நிழலில் அப்படியே உட்கார்ந்தாள். ஒருவர் காப்பை இன்னொருவர் கையில் மாட்டுவது குற்றம்; ஒரே மதியத்தில் அவள் செய்தது இரண்டாவது.

"தண்ணி குடிக்கியளா?" என்றாள் பிரகாசி. "ஜெகதீஷ் ஐயாவுக்கு எப்படி இருக்கு? உசுருக்கு ஒண்ணுமில்லயே?"

திரும்பும் வழியில் தெருக்குழாய் அவளுக்குச் சொட்டவில்லை. குளிர்க்கூடத்தின் கதவு அவளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நின்றது. கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் அவள் தட்டியதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரிலேயே யாருமில்லாதவளாக அவள் அந்தத் தூரத்தை நடந்தாள்.

வெயில் சாய்ந்ததும் நேரே தர்ஷினி அக்காவின் இஸ்திரிக் கடைக்குப் போனாள். தர்ஷினிக்கு ஐம்பது வயது, பிளாக் முழுக்கக் கேட்கிற தொண்டை. தேர்தலில் நின்று தோற்றவள். தோற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவள்.

"வா ஆபீசரு," என்றாள் இஸ்திரிப் பெட்டியால் ஒரு சட்டையைத் தேய்த்தபடி. "மோனிஷா சொல்லிச்சு. உன் காப்ப குடுத்தியாமே. கும்புட வேண்டிய கை."

"கும்புடாதீங்க. பதில் சொல்லுங்க. எவ்ளோ நாளா நடக்குது இது?"

"கத்திரி தொடங்கினதிலேர்ந்து. அந்தாளு தைக்கும்போது நூலு மாட்டுதுன்னு காப்ப கழட்டித் துணியில குத்தி வெக்கிற ஆளு. பிரகாசி ஜாக்கெட்டுல குத்தினத மறந்து அப்படியே குடுத்து அனுப்பிட்டாரு. வழியில அவளுக்குக் குளிர்க்கூடம் கதவு தொறந்துடுச்சு. உள்ள போயி உக்காந்தவ அழுதுட்டாளாம், இவ்ளோ நாளா இங்க இப்படி ஒரு குளிரு இருந்துச்சான்னு. திருப்பிக் குடுக்க வந்தப்ப சொன்னா." தர்ஷினி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அத கேட்டப்புறம் சோறு எறங்கல. அப்புறம் ஆளுக்கு ஒரு நாளுன்னு மொறை வெச்சோம். அன்னிக்கு மொறைக்காரங்க காப்பு இல்லாம வீட்டுக்குள்ள கெடப்பாங்க. கொடத்துல தண்ணி புடிச்சு வெச்சுக்குவோம். கொஞ்சம் வேகும்தான். என்னா இப்போ?"

"செத்திருப்பாரு. அதான் இப்போ."

"ஆமா," என்றாள் தர்ஷினி. முதல்முறையாகக் குரல் இறங்கியது. "அவரு மொறை இன்னிக்கு இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளத்தாச்சிக்குப் பதிலா இவரு குடுத்திருக்காரு. எனக்கே தெரியாது."

நிறைமதிக்கு இன்னும் கோபம் வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆபீசு."

"நான் இந்த பிளாக்குல பொறந்தவக்கா!"

"பொறந்த. படிச்ச. இப்ப நீ கையெழுத்து போடற எடத்துல இருக்க. சொன்னா ஒண்ணு நீ எங்கள மாட்டி விடணும், இல்ல நீ மாட்டிக்கணும். உங்கப்பன் மூட்டை தூக்கின முதுகப் பாத்தவதான் நானு. எப்படிச் சொல்லுவேன்?"

இப்படி ஒரு மரியாதையை நிறைமதி எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராதது வந்தால் அவளுக்கு வாய்தான் முந்தும்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். காப்ப கழட்டிக் குடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, நாற்பது பேரா நீங்களே அங்க போயி உக்காரத் தெரியலையா? விதி அவ்ளோதான கேக்குது? உசுரக் கூட குடுப்பீங்க, அவங்க பக்கத்துல ஒக்கார மட்டும் மாட்டீங்க. அப்படித்தானே?"

"வாய அளந்து பேசு. வீட்ல வேல கெடக்குது. ஊதுவத்தி உருட்டறது, பட்டன் வெக்கிறது…"

"அது மட்டுந்தானா?"

தர்ஷினி சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "குப்ப நாத்தம்னு நாலு பேரு சொன்னாங்க," என்றாள் கடைசியில். "நானும் அவங்க வாய அடைக்கல."

மறுநாள் காலை வட்டார அதிகாரி பரணி வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிறைமதிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து மத்தியானம் உங்க இதயம் அறுபது வயசு ஆம்பளையோட இதயம் மாதிரி துடிச்சிருக்கு," என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "அப்புறம் ஜெகதீஷோடது இருபது வயசுப் பொண்ணு மாதிரி. சிஸ்டம் தேடிப் பாத்துச்சு. மொத்த வார்டும் மாறி மாறித் துடிச்சிருக்கு."

"என் காப்ப நான்தான் குடுத்தேன் சார். மறைக்க ஒண்ணுமில்ல."

"தெரியும். அதனாலதான் ஒரு உயிர் பொழச்சுது. நான் உங்க இடத்துல இருந்தா அப்படிச் செஞ்சிருப்பேனான்னு தெரியல." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா நாளையிலேருந்து காப்பு அவங்கவங்க நாடிக்கு மட்டும்தான் வேலை செய்யும். பூட்டியாச்சு. உங்க ஒப்பந்தம்… இந்தக் கோடையோட சரி. என்னால தடுக்க முடியல."

அப்பாவின் முகம் ஒருமுறை வந்து போனது. "பெட்டிக்காரங்க?"

"சேவை நகரவாசிக்குன்னு விதி. அவங்க வாசி இல்ல."

"நகரவாசிங்க நெஜமாவே அங்க போயி உக்காந்தா?"

அவர் சிரித்தார்; கேலியாக இல்லை, பாவம் என்பதுபோல. "உக்காந்தா பந்தல் வரும். யாரும் தடுக்க முடியாது. ஆனா கத்திரியில, அந்த மைதானத்துக்கு, சும்மா யார்மா வருவா?"

மறுநாள் நண்பகலுக்கு முன்பே நிறைமதி மைதானத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். பிளாஸ்டிக் கையைச் சுட்டது. நிகழ்ச்சியின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "வேலை" என்று பதிந்துவிட்டு வந்திருந்தாள். பெட்டிகளுக்குள் ஈரச்சாக்குக்கு அடியில் பிள்ளைகள் முனகும் சத்தம் கேட்டது. பிரகாசி மட்டும் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"வரமாட்டாவக்கா. விடுங்க. நீங்களும் போங்க, மயங்கிருவிய."

"நான் போகல."

மைதானத்தில் இருந்தது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அவள் காப்பு ஒன்றுதான். ஆகாயம் வெறுமையாகக் காய்ந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்த வெயிலில் அதற்கும் ஈரம் போதவில்லை.

முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. அடியில் தர்ஷினியின் தொண்டை. "ஏய், மெதுவா தூக்குங்கடா, மிஷினு ஒடஞ்சா ஜெகதீஷ் ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பாரு!" பின்னால் ஜெகதீஷின் தையல் மெஷினை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அதற்குப் பின்னால் மோனிஷா. ஊதுவத்தி மாவு பிசைந்த தாம்பாளத்தைத் தலையில் வைத்த பெண்கள். பட்டன் மூட்டைகள். ஈரத்துண்டு போர்த்திய பிள்ளைத்தாச்சி. தர்ஷினியின் இஸ்திரி வண்டி கடகடவென்று.

"என்னக்கா இது?" என்றாள் நிறைமதி.

"நீதானடி 'வேலை'ன்னு போட்டிருக்க? வேலையோட வந்திருக்கோம்." தர்ஷினி பிரகாசியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அது வராமல், "உனக்குப் பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியுமா?" என்றாள்.

"வலை பின்னத் தெரியும்க்கா."

"அப்ப தெரியும். ஒக்காரு."

தாம்பாளங்கள் தரையில் இறங்கின. இடம் போதாமல் முட்டியோடு முட்டி உட்கார்ந்தார்கள். குப்பை நாற்றம் என்று சொன்ன நாலு பேரில் ஒருத்தியான பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடியபடிதான் வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு குழந்தையை யாரோ அவள் மடியில் வைத்தார்கள், இரண்டு கையும் தேவைப்பட்டதால் முந்தானையை விட்டுவிட்டாள். யாருடைய கை நாற்பதாவது என்று தெரியவில்லை. விசிறிச் சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாளும் தப்பவில்லை. ஜெகதீஷ் திரும்பி வந்த அன்று இசை நாற்காலியில் நிஜமாகவே இறங்கி, முதல் சுற்றிலேயே பிரகாசியிடம் தோற்றார். "என் பேருல நீ ஜெயிச்சுக்கிட்டு இருந்தப்பவே நல்லா இருந்துச்சு," என்றார்.

கத்திரி முடிந்தது. காலண்டரில்தான் முடிந்தது, வெயில் காலண்டர் பார்ப்பதில்லை. கோடைக் கொண்டாட்டத்தின் பதிவுகள் முந்தின நாளோடு மூடப்பட்டன. நிறைமதி அலுவலகச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. அவர் தன் முதுகைத் தடவிக்கொண்டே, "எம் பொண்ணு ஆபீசராத்தான் இருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்," என்றிருந்தார்.

அவள் சாவியை மேசைமேல் வைத்தபோது ஜன்னலுக்கு வெளியே, வார்டின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் தங்கியிருந்த பந்தல் கிளம்பியது. யாரும் கூப்பிடவில்லை. நேராக லாரி மைதானத்துக்குப் போய் விரிந்து நின்றது.

போன் அடித்தது. பரணி. "நிறைமதி, யார் உத்தரவு அது?"

"நான் தொடவே இல்ல சார்." அவள் திரையைப் பார்த்தாள். "மைதானத்துல காப்பு போட்டவங்க ஒருத்தர்கூட இல்ல."

"அப்புறம் எப்படிப் போகும்? காரணம் என்ன போட்டிருக்கு, படிங்க."

அவள் படித்தாள். "நிகழ்ச்சி: வழக்கம். வருகை: எதிர்பார்க்கப்படுகிறது." கீழே இரண்டு கட்டங்கள். சரி, தவறு. "என்னைத்தான் சொல்லச் சொல்லுது சார்."

பரணி மெதுவாகக் கேட்டார்: "வருவாங்களா?"

நிறைமதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிளாக் வாசலில் தர்ஷினி இடுப்பில் கைவைத்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வை மைதானத்துப் பக்கம் போனது. பிறகு உள்ளே திரும்பி அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"ஏய் மோனிஷா! தாம்பாளத்த எடு! இன்னிக்கு லீவுன்னு நாம ஒக்காந்துட்டோம், அது நம்மள முந்திக்கிச்சு பாரு!"

நிறைமதி "சரி"யை அழுத்தினாள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த கடைசி வேலை அது. போனை வைத்தாள். சுவரோரம் சாய்த்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு, வெயிலில் இறங்கினாள்.